வயதுக் கட்டத்தைக் கடைசியில் நிரப்பவும்

1. முதல் நாள்

கோட்டாற்றில் ஒரு மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தில் மாலைநேர அலுவலக வேலைக்குச் சேர்ந்தபோது நான் முதுகலைத் தமிழிலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த மல்லர்கள் அனைவரும் செய்யுளில் இருந்தவர்கள்.

பயிற்றுநர் ஸ்டெல்லா அக்கா சேர்க்கைப் படிவங்களைத் தந்து ஒன்றே ஒன்று சொன்னார். "மக்கா, வயசுக் கட்டத்த மட்டும் கடைசியா நிரப்பு, கேட்டியா? பிள்ளைய மேட்டுல பாத்த பொறவு நான் சொல்லுவேன்." மேட்டு என்றால் கூடத்தின் நடுவே விரித்த மல்யுத்த மெத்தை.

பெயருக்கு அடுத்தது வயது என்பது படிவத்தின் ஒழுங்கு. ஒழுங்கை மீறுவது எனக்கு வராது. அன்று மாலையே தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆன்றனி என்பவர் தம் மகள் அபியாவுடன் வந்தார். 'ஆறு' என்று எழுதினேன். ஆறு வயது முதல் சேர்க்கை என்று வாசல் பலகையில் இருந்ததால், "சேர்ந்தாச்சு அண்ணே, நாளைக்கே வரலாம்" என்றும் சொல்லிவிட்டேன்.

பத்து நாளில் அவர் கத்தாருக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் மகள் இங்கே சேர்ந்து பயில்வதைப் பார்த்துவிட ஆசைப்பட்டார். அபியா பள்ளிச் சீருடையிலேயே குட்டிக்கரணம் அடித்துக் காட்டினாள்.

2. தட்டாத கை

எங்கள் கூடத்தில் முதல் பாடம் தட்டுவது. பிடி இறுகினால் மேட்டை இருமுறை தட்ட வேண்டும். தட்டிய நொடியில் மற்றவர் விட்டுவிட வேண்டும்.

மறுநாள் அபியாவை அவளுடைய எடையே உள்ள ஒரு சிறுமி அமுக்கிப் பிடித்தாள். அபியாவின் முகம் சிவந்தது, கை அசையவில்லை. அக்காதான் பிரித்துவிட்டார்.

"ஏன் மக்கா தட்டல?"

"தட்டுனா தோத்தாச்சுன்னு அப்பா சொல்லிச்சு."

சுவரோரம் நின்ற ஆன்றனிக்குப் பெருமை தாங்கவில்லை. "கடக்கரைப் பிள்ளையில்லா, தட்டுவாளா?"

"அப்படின்னா அவளுக்கு வயசு ஆகல்ல, அண்ணே. பொறவு சேக்கலாம்."

"ஆறு முடிஞ்சாச்சே! இந்தப் பிள்ளதானே எழுதிச்சு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் படிவத்தைப் பார்த்தேன்.

"அவ எழுதினது பள்ளிக்கூடத்து வயசு. போதும்னு சொல்லத் தெரியாத பிள்ளைய நான் இன்னொரு பிள்ளைக்க கையில குடுக்கமாட்டேன்" என்றார் அக்கா.

பிடியில் அழாத அபியா அப்போது அழுதாள்.

3. அப்பாவின் முறை

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு ஆன்றனியைப் பார்த்தார். "செருப்பக் கழத்திட்டு நீங்க மேட்டுல வாருங்க, அண்ணே."

ஆன்றனி மல்லாந்து படுத்தார். அபியா அவர் கையைக் கட்டிக்கொண்டு நெஞ்சின்மேல் கிடந்தாள். அவர் சிரித்தாரே தவிர, தட்டவில்லை.

"தட்டுங்க."

"இது வெளையாட்டுல்லா?"

"வெளையாட்டுக்கே தட்டாதவரு, பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பீரு?"

பிள்ளைகள் கூடமே அதிரக் கத்தினார்கள்: "தட்டு! தட்டு!" கடைசியில் அந்தப் பெரிய கை மேட்டை இருமுறை தட்டியது. அபியா உடனே விட்டுவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

"அப்பா தோத்தாச்சு!"

"தோத்தா என்னட்டி? எந்திச்சிட்டேன்லா!"

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அவர் மகளிடம் தோற்றார். அவர் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, அதே சிறுமியின் பிடியில் அபியா டப் டப் என்று தட்டினாள். எழுந்து மூச்சுவாங்கியபடி, "இன்னொருக்க" என்றாள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "இப்ப எழுது, மக்கா."

புதிய படிவத்தில், கடைசியாக, 'ஆறு' என்று எழுதினேன்.

எந்த வயதில் சேர்க்கலாம் என்று தொலைபேசியில் கேட்போருக்கு இப்போது நான் எண் எதுவும் சொல்வதில்லை. பிள்ளையை ஒருமுறை அழைத்து வரச் சொல்கிறேன். கூட வருபவரையும் தளர்வான உடை அணிந்து வரச் சொல்கிறேன்.