வீங்கிய விரலுக்குச் சேதாரம்

மோதிரம் விற்பது சுகம். வீங்கிய விரலிலிருந்து அதை வெட்டி எடுப்பதுதான் எங்கள் தொழிலில் பாவப்பட்ட வேலை. அந்தப் பாவத்தை என் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தவன் நீ. மூட்டுவலிக்கென்று என் மனுசிக்குப் பொட்டலம் பொட்டலமாகப் பவுடர் விற்றாய். அதில் என்ன கலந்தாய் என்று கேட்டதும் போனை நிறுத்திவிட்டாய். வாசிக்கிற உங்களில் வீக்கத்தோடு அல்லாடுகிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

குளவி

கொட்டாஞ்சேனையில் உயிரியல் டியூஷன் கொடுக்கும் மாஸ்டர், விரல் கொழுக்கட்டை மாதிரி வீங்கி என் நகைக் கடைக்கு வந்தார். நூல் சுற்றினேன், சவர்க்காரம் பூசினேன், மோதிரம் அசையவில்லை. "ஒரு குளவிக்கு இவ்வளவு வீக்கமோ?" என்று எரிந்து விழுந்தேன்.

மனிதர் வலியிலும் பாடம் எடுத்தார். விஷம் பட்டதும் தோலுக்குள் காவல் நிற்கும் உயிர்க்கலங்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுமாம். அதனால் இரத்தக் குழாய்கள் விரிந்து ஒழுகும். ஒழுகிய நீர்தான் வீக்கம். பாடம் முடிந்ததும் வெட்டுக்கூலியைச் சொன்னேன். "குளவி ஒருக்காத்தான் குத்தினது முதலாளி, நீங்கள் ரெண்டாந்தரம் குத்துறியள்."

மீன்முள்

மீன் விற்கும் மேரி அக்காவுக்கு முள் ஏறிய மோதிர விரல் சிவந்து, தொட்டால் சுட்டது. சீழைக் கண்டு முகத்தைச் சுளித்தேன். அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. அடிபட்ட இடம் இரசாயனத்தால் கூப்பிட, இரத்தத்திலிருந்து வெள்ளைக் கலங்கள் ஓடிவந்து, கிருமியோடு சண்டைபிடித்து அங்கேயே சாகுமாம். அந்தப் பிணங்கள்தான் சீழ் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மோதிரத்தை வெட்டினேன். பழைய பொன்னாக எடுக்கச் சொன்னா. வெட்டும்போது தூளாகப் போனதற்குச் சேதாரம் கழித்து விலை சொன்னேன். "எனக்காகச் செத்ததுங்க ஒண்ணும் சேதாரம் கேக்கல தம்பி, நீ மட்டும் கேக்குற."

முள்ளுமில்லை, குளவியுமில்லை

என் மனுசியை எதுவும் குத்தவில்லை. ஆனாலும் விடிந்தால் இரண்டு கையும் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத்தான் தூக்குவாள். நீ "வெறும் வாய்வு" என்றாய். உன் பவுடரைத் தின்ன, சில நாளிலேயே வீக்கம் வற்றியது. அவள் உன்னைக் கும்பிட்டாள். பிறகு முகம் ஊதியது, விரல்கள் திரும்ப வீங்கிக் கோணின.

களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்கில் டாக்டரம்மா விளங்கப்படுத்தினா. எதிரியே இல்லாமல் கலங்கள் இரசாயனத் தூது அனுப்பி ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. வந்தவை சொந்த மூட்டையே அரிக்கின்றன. உன் பவுடரில் ஸ்டீரொயிட் இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறா. அது தூதை அமத்தும். ஆனால் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு தின்றாள் என்று தெரியாமல் அதைக் குறைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு படி இறங்குவது மாதிரியாம்.

அன்று பின்னேரம், கல்யாண எழுத்தில் கையெழுத்து வைத்த அன்று நான் போட்ட மோதிரத்தை நானே வெட்டினேன். அவள் இரண்டு துண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கும் சேதாரம் கழிப்பியளோ?"

ஊரெல்லாம் சேதாரம் கழித்துப் பிழைத்த நான் இந்த ஒரு சேதாரத்தை மட்டும் உன் கணக்கிலிருந்து கழித்துவிடமாட்டேன், ஆகவே நீயே வந்து அந்த டாக்டரம்மாவுக்கு முன்னால் நின்று, என்ன கலந்தாய், எவ்வளவு கலந்தாய் என்று சொல்லிவிட்டுப் போ.