நாடாவின் கண் தொண்டையில் சிக்கிய மதியம்

எங்கள் ஆரணி நர்சிங் ஹோமில் கேமராவும் கம்ப்யூட்டரும் வந்து இறங்கியபோது அதிகம் முணுமுணுத்தவள் நான்தான். சென்னையில் இருக்கும் பெரிய டாக்டர் திரையில் தோன்றி, சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணைப் பார்ப்பார். பாதி நேரம் படம் உறைந்து நிற்கும். "இந்தப் பேஜாருக்கு ஒரு ஃபோன் போதாதா?" என்று எரிந்து விழுவேன். நான் படிப்பு முடித்து வந்த புது டூட்டி டாக்டர். வாய் மட்டும் நீளம்.

ஒரு மதியம் முள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெசவாளி தன் மனைவியை ஆட்டோவில் தூக்கி வந்தார். அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திணறினாள். உதடு நீலம்.

"நாடாவுல நூல உறிஞ்சிகினு இருந்தா மேடம். பீங்கான் கண்ணே பேந்து உள்ள பூடுச்சி! ஜல்தி பாருங்க!"

தறியில் குறுக்கே ஓடும் மரக்கட்டையான நாடாவுக்குள் புது நூல் வைத்தால், அதன் பக்கவாட்டிலிருக்கும் பீங்கான் வளையத் துளையில் வாய் வைத்து ஒரே உறிஞ்சில் நூல் முனையை வெளியே இழுப்பார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அன்று அந்த வளையம் தளர்ந்திருந்திருக்கிறது.

முதுகில் அடித்தேன். வயிற்றை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. அவள் துவண்டு விழுந்தாள். வேலூர் பெரியாஸ்பத்திரி போகும்வரை உயிர் தாங்காது. ஐயோ, என் கையிலேயே போய்விடுவாளோ! மூச்சுக்காகக் கழுத்தில் துளை போடுவதை நான் புத்தகத்தில் படித்ததோடு சரி. சென்னை டாக்டரைத் திரையில் அழைக்கச் சொன்னேன். கேமரா வயர் எட்டாது என்பதால் அவளையே கேமரா இருந்த அறைக்குத் தூக்கிப்போய் மேஜைமேல் கிடத்தினோம். நர்ஸ் அவள் கணவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

"குரல்வளை மேட்டைத் தொடும்மா," என்றார் திரையிலிருந்த டாக்டர், தன் கழுத்தையே தொட்டுக் காட்டி. "விரலைக் கீழே இறக்கு. சின்னதா ஒரு பள்ளம் இருக்கும்."

"இல்ல சார்! எதுவும் தெரியல!"

"கத்து, பரவாயில்ல. விரலை மட்டும் எடுக்காதே."

பள்ளம் அகப்பட்டது. கத்தியை வைத்த நேரம் படம் உறைந்தது.

"சார், படம் போச்சு!"

"குரல் கேக்குதில்ல? அறு."

அறுத்தேன். ரத்தம் பொங்கியது. துளையில் வைத்த மூச்சுக் குழாய் வழுக்கியது.

"நுழையல சார்..."

"அவ கால் பக்கமா சாய்ச்சுத் தள்ளு."

உள்ளே போனது. புஸ்ஸென்று ஒரு சத்தம். நெஞ்சு ஏறி இறங்கியது. மறுபடி ஏறியது.

வேலூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்ததும் கதவைத் திறந்தோம். கணவர் ரத்தத்தையும் குழாயையும் பார்த்தார்.

"அய்யய்யோ, கழுத்தையே அறுத்துட்டீங்களே!"

என் கோட்டைப் பிடித்து உலுக்கினார். நான் மேஜைப் பக்கம் கை காட்டினேன்.

மேஜைமேல் அவள் கண் விழித்திருந்தாள். குழாய் வழியே மூச்சு போவதால் பேச முடியாது. மெல்லக் கையை நீட்டி அவருடைய இன்னொரு கையைப் பற்றி இழுத்தாள். அந்த உள்ளங்கையைக் குழாயின் வாய்க்கு எதிரே பிடித்தாள்.

"சூடா வருது மேடம்," என்றார். என் கோட்டை விடாமலே அழுதார்.