யாரும் எழுதாத வரிகள்

மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவள் ஜோவிதா. கோயம்புத்தூரில் படித்துவிட்டு, அதே வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறாள். கொழுந்து நிறுக்கும் தராசின் எண்களைக் கணினிக்குள் கொண்டுவரும் லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, ஒன்று அவளுடையது. வேறு நிரலாளர்கள் அதை எடுத்துத் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்வார்கள். அதில் அவளுக்குக் கூட்டாளி, குன்னூர் டக்ளஸ்.

நிரலில் ஒரே மாதிரி வரிகளைத் திரும்பத் திரும்ப அடிப்பது பெரிய ரோதனை. அவற்றைத் தானே உண்டாக்கும் கருவி ஒன்றை டக்ளஸ் கொண்டுவந்தான். மேலே டேக் என்று ஒரு குறிச்சொல்லை வைத்தால் போதும், மீதி வரிகளைக் கருவி கண்ணில் காட்டாமல் எழுதிக்கொள்ளும். நோகாமல் நோம்பி கும்பிட யாருக்குத்தான் கசக்கும்? பக்கம் பக்கமாக இருந்தது ஒரே பக்கத்தில் அடங்கியபோது ஜோவிதாவும் பூரித்துத்தான் போனாள். சும்மா சொல்லக் கூடாது, கொஞ்ச காலம் அது நன்றாகவே உழைத்தது.

போன மாசம் ஒரு சாயங்காலம் அம்மா பிலோமி கொழுந்து பறித்துவிட்டு வந்து, கூடையை மூலையில் எறிந்தாள்.

"நாள் முழுக்கப் பறிச்சது ரெண்டு கிலோவாம்டி. அத்தன பேரு முன்னால சூப்பர்வைசர் அழகையா, 'எந்தப் பொதருக்குள்ள படுத்துத் தூங்குன'ன்னு கத்தறான். சாக்கு நெறயக் கொழுந்து கண்ணு முன்னால கெடக்குது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாங்கறான்!"

நிறுக்க நின்ற வரிசையில் முதல் ஆள் அவள். பின்னால் வந்தவர்களுக்கும் அப்படியே வந்த பிறகுதான் தராசை நிறுத்தினார்கள். அதற்குள் அவள் மானம் போய்விட்டது.

எஸ்டேட் மென்பொருளுக்குள் இருப்பது ஜோவிதாவின் லைப்ரரிதான். திறந்து பார்த்தாள். முதலில் கொழுந்தின் எடை, அடுத்து சாக்குக்கும் ஈரத்துக்குமான கழிவு என்று அவள் வைத்திருந்த வரிசையை, புதிய பதிப்பில் டக்ளஸ் அழகுக்காக ஆங்கில எழுத்து வரிசைக்கு மாற்றியிருந்தான். கருவியும் தன் மறைவு வரிகளில் எண்களை வாங்கும் வரிசையைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டது. எடை கழிவாயிற்று, ரெண்டு கிலோ கழிவு எடையாயிற்று. இரண்டும் எண்தானே, எந்தச் சோதனையும் முனகவில்லை. கையால் எழுதிய வரியாக இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி.

போனில் டக்ளஸ் அலட்டிக்கொள்ளவில்லை. "அதுக்கென்னங்க, இன்னொரு டேக் போட்டா சரியாப் போயிரும்."

"உங்க டேக்கக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க! நம்மூட்டுக்கு மட்டும்னா எப்படி வேணாலும் சமைச்சுக்கலாங்க. ஊருக்கே பந்தி வெக்கறோம், உள்ள என்ன போட்டோம்னு தெறந்து பாத்தா தெரிய வேண்டாமா? அருவருப்பா இருக்குதுங்க."

பிலோமி முகம் கழுவிவிட்டு வந்தாள். "அந்தக் கணக்க எழுதுனது ஆருடி?"

"ஆரும் எழுதலம்மா. மிஷினே எழுதிக்கிச்சு."

"அப்ப நான் ஆரப் போயி வையறது?"

ஜோவிதா டேக்கை அழித்தாள். எல்லா வரிகளையும் கையால் அடிக்க உட்கார்ந்தாள். முதல் வரிக்கு மேலே தன் பெயரைப் போட்டாள்.