மேடைக்கு மட்டும் கேட்ட பாட்டு

என் மிக்சரில், சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஐந்தாவது ஃபேடருக்குக் கீழே ஒரு துண்டு வெள்ளை நாடா ஒட்டியிருக்கிறது. அதில் ஸ்கெட்ச் பேனாவால் 'அக்கா' என்று எழுதியிருக்கிறேன். எழுத்து மங்கி, ஓரம் சுருண்டு, அழுக்கேறிவிட்டது. பார்க்கிறவர்கள் சொந்த அக்காவின் ஞாபகமாக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சூரமங்கலத்து அக்காவின் மைக் வந்த இடம்.

நாமகிரிப்பேட்டையில் நான் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். பதினோரு வருஷம் அந்த அக்காவுக்கும் அவர் வீட்டுக்கார அண்ணனுக்கும் நான்தான் சவுண்டு. பாட்டுக் குழு என்று பெயர்தானே தவிர, புருஷன் பொண்டாட்டி இரண்டே பேர். அண்ணன் ரயில்வேயில் எலக்ட்ரீஷியன், டிரம்ஸ் வாசிப்பார். அக்கா கணக்கு டீச்சர். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகி, காலில் கேன்வாஸ் ஷூ மாட்டி, எலக்ட்ரிக் கிடாரோடு நின்று பாடுவார். மாதா கோயில் பாடகர் குழுவில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர்கள் வாசித்தது ராக். எங்கள் பக்கத்துக் கல்யாண ரிசப்ஷனில் அதை யார் கேட்கப் போகிறார்கள்? அதனால் முதலில் இரண்டு மணி நேரம் சினிமாப் பாட்டு, கடைசி இருபது நிமிஷம் அவர்களே எழுதிய பாட்டு. அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். வேனில் ராசிபுரம் தாண்டும் வரை தாளம் முந்தி ஓடியது யாரால் என்று சண்டை பிடிப்பார்கள். டீக்கடை வந்ததும் ஒரே பன்னைப் பிய்த்துத் தின்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் நான்.

தப்பு நடந்தது திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில். சொந்தப் பாட்டு ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் பெண்ணின் அப்பா என் தோளில் கை வைத்தார். "ஏனுங்க, அந்தம்மா கத்தறதக் கொஞ்சம் கொறச்சு உடுங்க. சம்பந்தி பேசறது காதுல உளுகலீங்க" என்றார். அவர் கேட்டதில் குற்றமில்லை. அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்குத்தான் மனசு வரவில்லை. ஒரு வழி இருந்தது. கூட்டத்துக்குப் போகிற சத்தம் ஃபேடரில் இருக்கிறது. மேடையில் பாடுகிறவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வைக்கிற மானிட்டர் பெட்டிக்குத் தனித் திருகு. அக்காவின் மைக், கிடார் இரண்டின் ஃபேடரையும் கீழே இழுத்தேன், திருகைத் தொடவில்லை. டிரம்ஸுக்குப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்ததால் அதை அப்படியே விட்டேன். அக்காவின் குரலும் கிடாரும் மேடையில் முழங்கின. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முனகலாகத்தான் கேட்டிருக்கும். அன்றைக்கு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. யாரும் வந்து சொல்வதற்கு முன்பே என் விரல் கீழே போய்விடும்.

எருமப்பட்டியில் ஒரு ரிசப்ஷன். போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போன புருஷனுக்குப் போன் போடுகிற பெண்ணைப் பற்றி அக்கா ஒரு பாட்டு எழுதியிருந்தார். 'மெஷினை நிறுத்து, என் பேச்சைக் கேளு' என்று திரும்பத் திரும்ப வரும். ரிக் ஓட்டுகிறவர்கள் வீடுகள் நிறைந்த ஊர், இங்கே கேட்பார்கள் என்று ஒரு மாதம் அதையே பழகினார்கள். நான் வழக்கம்போல் குறைத்தேன். பாட்டு முடிகிற நேரத்தில் மண்டபமே கை தட்டியது. எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டியிருந்தார்கள், கைதட்டல் அதற்கு. விளக்கு கண்ணில் அடித்ததால் அக்காவுக்கு அது தெரியவில்லை. இறங்கி வரும்போது கண் கலங்கியிருந்தது.

"தம்பி, இன்னைக்குத்தான் கேட்டாங்க. பாத்தீங்கல்ல?" என்றார்.

"ஆமாங்கக்கா" என்றேன்.

போன வருஷம் அக்கா புற்றுநோயில் போய்விட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்து நாலு நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். அவர் போனில் எடுத்து வைத்ததெல்லாம் டிரம்ஸ் சத்தத்தில் கரகரவென்று இருக்கிறதாம். நான் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மிக்சரிலிருந்து பென்டிரைவில் பதிவது அவருக்குத் தெரியும். "அவ பாட்டு உங்ககிட்டதான் இருக்கு தம்பி" என்றார். அந்தப் பென்டிரைவை நான் கையில் எடுக்கவே பயந்தேன். கூட்டத்துக்குப் போன சத்தம்தான் அதில் பதிந்திருக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். சினிமாப் பாட்டெல்லாம் கணீரென்று இருந்தது. சொந்தப் பாட்டு வந்ததும் டிரம்ஸ் மட்டும் அதிர்ந்தது. அதற்குப் பின்னால், அடுத்த தெருவில் யாரோ பாடுகிற மாதிரி அக்கா. அவர் மைக்கிலிருந்து அநேகமாக எதுவும் வரவில்லை. மானிட்டர் பெட்டியிலிருந்து அண்ணனின் டிரம்ஸ் மைக்கில் விழுந்த குரல்தான் மிஞ்சியிருந்தது.

அண்ணன் கடைக்கு வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டார். ஒரு பாட்டு முடிந்ததும் கழற்றினார். "ஏன் தம்பி, இவ்வளவு தூரத்துல கேக்குது?" என்றார்.

மெஷின் கோளாறு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். என்னைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லா ஊர்லயுமா?"

"பாதிக்கு மேல, அண்ணா."

"எருமப்பட்டியில?"

தலையை ஆட்டினேன். கேக் வெட்டியதையும் சொன்னேன். அவர் திரும்ப ஹெட்போனை மாட்டிக்கொண்டு எருமப்பட்டிப் பாட்டைக் கண்டுபிடித்து வைத்தார். முடிந்ததும் முதலிலிருந்து வைத்தார். பிறகு பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "டிரம்ஸுக்குப் பின்னால நான் உக்காந்திருந்த எடத்துல எப்படிக் கேக்குமோ, அப்படித்தான் இருக்கு" என்றார். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. டிரம்ஸை உறை போட்டு மூடிவிட்டாராம். அவர் வந்துபோன அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு நான் அழுதேன்.

இப்போதும் யாராவது வந்து குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்கிறேன், என் பிழைப்பு அது. ஆனால் மேடையில் இருக்கிற பெட்டியையும் சேர்த்துக் குறைக்கிறேன். பாடுகிறவர்கள் உடனே திரும்பி என்னை முறைக்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, மண்டபமே பார்க்க என்னைத் திட்டினாள். அக்காவாக இருந்தால் கிடாரைக் கழற்றாமலே வந்திருப்பார். அப்படி வந்து சண்டை போட நான் அவரை விடவே இல்லை. அந்தப் பெண் திட்டி முடிக்கும் வரை, நாடாவில் எழுதியிருந்த 'அக்கா' என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.