கைகளில் காட்டிய அளவு

நான் பம்பாய்க்கு மில் வேலைக்குப் போனபோது என் மகள் கைக்குழந்தை. அதன்பின் சில வருஷம் லீவே கிடைக்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கிடைத்ததும் கடைக்கு ஓடினேன். குழந்தை எவ்வளவு பெரியது என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு அவர் பாஷை சரியாக வராது. அவளைக் கடைசியாக ஏந்தியிருந்தது போலவே இரண்டு கையையும் காட்டினேன். லேஸ் வைத்த சின்னக் கவுனும் கிலுகிலுப்பையும் எடுத்துக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் காலை வில்லியனூரில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற சிறுமி உள்ளே திரும்பி, "யம்மா, யாரோ மாமா வந்துக்கிறாரு!" என்று கத்தினாள்.

"மாமா இல்லடி, உங்கப்பா" என்றாள் என் மனைவி.

பையைத் திறந்தேன். மகள் கவுனைத் தொட்டுப் பார்த்து, "இது யாருக்கு மாமா?" என்றாள்.

உனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "பாப்பாவுக்கு" என்றேன்.

அவள் நேராக வீட்டு மூலையில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஓடினாள். வைக்கோலில் படுத்திருந்த குழந்தை இயேசுவுக்குக் கவுனைப் போர்த்திவிட்டு, கிலுகிலுப்பையை ஆட்டினாள்.

"அழுவாத பாப்பா. மாமா உனக்குத்தான் வாங்கியாந்துக்கிறாரு."

நான் கிளம்பும் அன்று, மனைவி அவளைச் சுவரோரம் நிறுத்தி, உச்சியிலிருந்து பாதம்வரை நூல் பிடித்து அறுத்து என்னிடம் கொடுத்தாள். "அடுத்த தபா இத்தக் காட்டி வாங்கு."

பம்பாய் அறையில், நுனி தரையைத் தொடும்படி அந்த நூலை ஆணியில் கட்டினேன். மாதங்கள் போகப் போக, அவள் வளர்ந்திருப்பாளே என்று ஆணியைப் பிடுங்கி மேலே அடிப்பேன். நூல் தரையை விட்டு எழும்பிக்கொண்டே போனது. எவ்வளவு ஏற்றுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.