என் கால் பட்ட படகும் கரண்ட் பம்ப்பும்

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெருமையாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் படகு விஷயத்தில் எனக்கு வந்த கோபம் நியாயமானது. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பூம்புகாருக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள். அண்ணன் முன்னால் நின்று வலையைப் பார்ப்பார். என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து டீசல் இன்ஜினைப் பார்ப்பார். டீசல் ஒரு பிளாஸ்டிக் கேனில் படகின் அடியில் இருக்கும், இன்ஜின் அதற்கு மேலே. கீழே இருப்பதை மேலே இழுத்துக் கொடுக்க இன்ஜினின் விலாவிலேயே ஒரு பம்ப் பொருத்தியிருந்தது. இன்ஜின் சுற்றினால்தான் அதுவும் இழுக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் தளர்ந்துவிட்டால் டீசலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும், இன்ஜின் நின்றுவிடும். நின்றபின் ஒரு திருகைத் தளர்த்தி, பம்ப்பில் இருக்கும் சின்னக் கைப்பிடியை அடித்து அடித்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். கரையில் வைத்துச் செய்தாலே வியர்த்துக் கொட்டும்.

அதைக் காவிரி முகத்துவாரத்தில் வைத்துச் செய்யும்படி ஆனது ஓர் ஐப்பசியில். மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஆற்றோடு வந்து கடலில் முட்டுகிற இடம், அலை எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. சரியாக அங்கே இன்ஜின் நின்றது. என் வீட்டுக்காரர் குனிந்து கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தபோது படகு குறுக்கே திரும்பி, அலை அவரைத் தூக்கி இன்ஜின் மேலேயே அறைந்தது. தோள்பட்டை நழுவி, துண்டால் கட்டிய கையோடு கரையேறினார். எங்கள் வீட்டு வாசல்வரைக்கும் ஊர் கூடி வந்தது. அவர் நடந்து வருவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அந்தப் பம்ப் இனி அந்தப் படகில் இருக்கக் கூடாது.

என்ன மாற்று என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏலத்தில் மீன் எடுத்து லோடு ஆட்டோவில் உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்பது என் தொழில். திருப்பனந்தாள் பக்கத்து ஊர்கள் வரைக்கும் போவோம். தை மாதம், சம்பா அறுப்பு நேரம். ஒரு வயலோரத்தில் அறுவடை மிஷின் ஒன்று திறந்து கிடந்தது. மெக்கானிக் ஒருவர் அதில் எதையோ பூட்டிக்கொண்டிருந்தார். மீன் வாங்க வந்தவரிடம் கேட்டேன், என்ன ரிப்பேர் என்று.

“பழைய பம்ப் காத்து இழுக்குதுக்கா. அதான் பேட்டரில ஓடுற பம்ப் போட்டாச்சு. சுவிட்சத் தட்டுனா டிக் டிக்னு அதுவே டீசலத் தள்ளிரும். கையால அடிக்கிற வேலையே கிடையாது.”

“படகு இன்ஜினுக்குப் போட முடியுமா தம்பி?”

“டீசல் இன்ஜின்தானே? தாராளமாப் போடலாம். உப்புத் தண்ணி படாத எடமாப் பாத்து சுவிட்ச வைக்கணும், அவ்வளவுதான்.”

மீன் கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போய் அந்த மெக்கானிக்கின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடு. என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் மூத்தார், என்னிடம் நேராகப் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். எங்கள் வழக்கம் அது. அவர் தன் பெண்சாதியிடம் சொல்வார், அவள் காதில் விழுவதைவிட அடுத்த வீட்டில் நிற்கும் என் காதில் நன்றாக விழும். நான் என் வீட்டுக்காரரிடம் சொல்வேன், அதுவும் அப்படியே.

“கடல்ல கரண்டாம்! ஷாக் அடிச்சுச் சாகவா?” என்றார் அவர், அவர் வீட்டு அடுப்படியைப் பார்த்து.

“ஏங்க, படகுல லைட்டு எரியுதே, ஜி.பி.எஸ். ஓடுதே, அதெல்லாம் விறகுலயா எரியுது? அதே பேட்டரிதான்னு சொல்லுங்க” என்றேன் நான், என் வீட்டுக்காரரைப் பார்த்து.

அந்த பேட்டரியை வீட்டில் வைத்துச் சார்ஜ் போட்டு அனுப்புகிறவளே நான்தான். பங்குனி வரை இழுத்தார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரின் தோள்தான் ஜெயித்தது. இரவில் புரண்டு படுக்க முடியாமல் அவர் முனகுவது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மெக்கானிக் வந்தார். படகு மணலில் ஏறி நின்றது. பழைய பம்ப்பைக் கழற்றி, அது இருந்த ஓட்டையை இரும்புத் தகடு வெட்டி மூடினார். கேனுக்குப் பக்கத்தில் புதுப் பம்ப்பைப் பொருத்தினார். சுவிட்ச்சை மட்டும் முழங்கால் உயரத்தில் வைக்கப் போனார். அலை ஏறினால் முதலில் நனைகிற இடம் அது. மணலில் நின்று கத்திக் கத்திச் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரரோ நட்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். சரி என்று நானே ஏறி, இன்ஜின் பெட்டியின் மேல்பலகைக்கு அடியில் கையை வைத்து, “இங்க வைங்க தம்பி” என்று காட்டிவிட்டு இறங்கினேன்.

இறங்கும்போது மூத்தார் எதிரே நின்றார். எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறினால் படகுக்கு ஆகாது என்பார்கள். அந்தப் படகு வாங்கும்போது என் கழுத்திலும் காதிலும் இருந்ததெல்லாம் போனது. நகை படகில் ஏறலாம், நகை போட்டிருந்தவள் ஏறக் கூடாது. இதில் என்ன கணக்கோ! மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கரையில் ஓட்டிப் பார்த்தபோது இன்ஜின் ஒரே தட்டில் பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. அடுத்த நாள் புதுப் பம்ப்புக்குப் பூஜை. புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் கடலில் இறக்க மாட்டோம். மூத்தார்தான் வைத்தார், மூத்தவர் என்பதால். இன்ஜினுக்கு, பம்ப்புக்கு, பேட்டரிக்கு, டீசல் கேனுக்கு என்று கை நிறைய அள்ளி அள்ளி வைத்தார். என் கால் பட்டதற்கும் சேர்த்துத்தான் அவ்வளவு சந்தனம் என்று நினைத்துக்கொண்டேன். தேங்காய் உடைத்தார்கள், படகு போனது.

வழக்கமாகத் திரும்புகிற நேரத்துக்கு வரவில்லை. வெயில் ஏறியது. மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன. கரையில் நின்றவர்கள் என்னைப் பார்ப்பதும் பிறகு கடலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மதியத்துக்கு மேல்தான் படகு தெரிந்தது, இன்ஜின் சத்தத்தோடு. இரண்டு பேரும் முழுசாக இறங்கினார்கள். நான் சாமியைக் கும்பிட்டு முடிக்கவில்லை, மூத்தார் ஆரம்பித்துவிட்டார், கரை முழுக்கக் கேட்கும்படி.

“நடுக் கடல்ல நின்னுருச்சு. நல்லா ஓடுன இன்ஜின்! பொம்பளை கால் வச்ச படகு எப்படி ஓடும்? கரண்ட் பம்ப்பும் வேணாம், கருமாந்தரமும் வேணாம். வெள்ளிக்கிழமை கழட்டிட்டுப் பழசையே பூட்டுறோம்.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நின்ற இன்ஜின் பிறகு எப்படி ஓடியது, கரைவரை சத்தத்தோடுதானே வந்தது, அதையாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தாலும் ஒரு வார்த்தை வெளியே வந்திருக்கும். ஏலம் எடுக்க வந்த பெண்கள்கூட அன்றைக்கு எனக்கு ஒதுங்கி வழி விட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாம். அந்தக் காக்கை நான்தான். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு அவமானம் நான் பட்டதில்லை.

வியாழக்கிழமை, பம்ப்பைக் கழற்றுவதற்காக பேட்டரியும் கேனும் வீட்டுக்கு வந்தன. கேனை அலசிக் கவிழ்ப்பது என் வேலை. தூக்கியதும் கை நின்றுவிட்டது. கேனின் இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கி மடிந்த தழும்பு, வெள்ளையாக. அடிபட்ட நெளிசல் இல்லை அது, உள்ளேயிருந்து உறிஞ்சினால் வருகிற மடிப்பு. மூடியைப் பார்த்தேன். மேலே சந்தனம் சுவர்ப் பூச்சுபோலக் காய்ந்து கிடந்தது. மூடியின் நடுவில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. சரியாக அதன் மேல்தான் பொட்டு.

எண்ணெய் டின் உடைக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் வராது. எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தான், காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும். ஓட்டையைச் சந்தனத்தால் அடைத்துவிட்டு டீசலை இழு என்றால் பம்ப் எதை இழுக்கும்? கேனையே இழுக்கும். பழைய பம்ப்பாக இருந்தாலும் இதே கதிதான். என் காலுக்கு இதில் என்ன வேலை?

இதோடு விட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் அந்தச் சந்தனத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தேன். பொட்டுக்கு நடுவே, ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும், தூண்டில் முள்ளை விட்டுக் குடைந்து எடுத்த மாதிரி ஒரு துளை. யாரோ கடலில் வைத்தே அதைக் குத்தித் திறந்திருக்கிறார்கள். மூத்தார் முன்னால் துடுப்போடு படகை நேராகப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார், அவருக்குப் பின்பக்கம் தெரியாது. இன்ஜினிடம் இருந்தது ஒரே ஒரு ஆள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேனைக் கொண்டுபோய் இலைக்கு எதிரே வைத்தேன்.

“இத யாரு குத்துனது?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“உங்களத்தான் கேக்குறேன்.”

“நான்தான். மூடியத் தொறந்ததும் புஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு. கேன் எந்திரிச்சுக்கிச்சு. இன்ஜின் ஓடிருச்சு.”

“தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?”

“அண்ணன் கையால வச்ச சந்தனம். அதுனாலதான் நின்னுச்சுன்னு அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது? மனசு ஒடஞ்சு போயிருவாரு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். என் பேர் கெட்டது போகட்டும். நாளைக்குப் பழைய பம்ப்பைப் பூட்டப் போகிறார்கள். மறுபடி மழைக்காலம் வரும், முகத்துவாரம் அங்கேயேதான் இருக்கும், குனிந்து கைப்பிடி அடிக்கப் போவது இவர்தான். அண்ணன் முகம் சுருங்கக் கூடாது என்பதற்காகத் தன் உயிரையே விட்டுக்கொடுக்கத் தயாராக உட்கார்ந்து குழம்பு ஊற்றச் சொல்கிறார்!

“அவரு மனசு ஒடையும். நீங்க போய்ச் சேந்தா எனக்கு என்ன ஒடையும்? இப்பவே போய்ச் சொல்லுங்க. இல்லன்னா நானே அந்த வீட்டு வாசல்ல நின்னு, உங்க அண்ணன் மூஞ்சியப் பாத்து நேராப் பேசுவேன்.”

அதற்குத்தான் பயந்தார். கை கழுவிவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டு போனார். நான் கொல்லையில் நின்றேன். அடுத்த வீட்டில் கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேச்சு. அப்புறம் மூத்தார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் பெண்சாதியிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்.

“சரி, பம்ப் இருக்கட்டும். ஆனா ஏறுனது ஏறுனதுதான். நாளைக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சுட்டுத்தான் படகு எறங்கணும். அவளையே கலக்கிக் குடுக்கச் சொல்லு.”

சந்தனம் வைத்த கைக்கு ஒன்றுமில்லை. கால் வைத்தவள் மஞ்சள் கலக்க வேண்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அன்று இரவு யாரோடும் பேசாமல் படுத்தேன். மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அதையே சாக்காக வைத்துப் பம்ப்பைக் கழற்றுவார்கள் என்றும் தெரியும்.

காலையில் என் வீட்டுக்காரர் ஒரு குடத்தைக் கொண்டுவந்து தயங்கித் தயங்கி என் முன்னால் வைத்தார். மஞ்சளைக் கரைத்து ஊற்றினேன், கை வலிக்கக் கலக்கினேன், குடத்தை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த வீட்டுக்குக் கேட்கட்டும் என்று நன்றாகவே சொன்னேன்.

“படகுக்குத் தெளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாய் எடுத்துக் கொப்பளிச்சுக்குங்க. தீட்டு அங்கதான் இருக்கு.”