குமிழி வராத வயிறு

என் மச்சான், அக்கா வீட்டுக்காரர், பஞ்சர் கடை வைத்திருக்கிறார். தொண்டையில் புண் வந்து விழுங்க முடியாமல் கிடந்தபோது, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகச் சாப்பாட்டைக் கரைத்து ஊற்றினார்கள். தொண்டை சரியானதும் குழாயை எடுத்துவிட்டார்கள். துளை தானாக மூடிக்கொள்ளும் என்றார்கள். நான்கு மாதமாகியும் மூடவில்லை. மனுஷன் டீ குடித்தால் பாதி டீ சட்டைக்கு வந்துவிடும்.

"அண்ணே, ஊர் டயரையெல்லாம் அடைக்கிறீங்க, உங்க வயித்துக்கு ஒரு ஒட்டு போடக்கூடாதா?" என்று கடைக்கு வந்த லாரிக்காரன் ஒருவன் சிரித்தான். மச்சான் ரோஷத்தில் நிஜமாகவே ரப்பர் ஒட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டார். அடுத்த டீயில் அது கழன்று விழுந்தது. அக்கா போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

"வாய் வழியா கேமராக் குழாயை விட்டு, உள்ள இருந்தே கிளிப் போட்டு மூடிடலாம்" என்றார் டாக்டர்.

"ஓட்டை வெளியதானே இருக்கு? எதுக்கு சார் இவ்வளவு சுத்து?"

"டியூப் இல்லாத டயருக்கு நீங்க உள்பக்கம்தானே ஒட்டுவீங்க?"

மச்சான் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் டாக்டருக்காகத் திறந்தார்.

கிளிப் போட்டாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மச்சான் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

"வால்வுல எச்சில் வச்சு, காத்து கசிஞ்சு குமிழி வருதான்னு பார்க்காம ஒரு வண்டியையும் நான் வெளிய விட்டதில்ல."

விரலை நாக்கில் வைத்தார். நர்ஸ் பாய்ந்து கையைப் பிடித்து, எச்சிலுக்குப் பதிலாக மருந்துத் தண்ணீர் ஒரு சொட்டைத் துளைமேல் விட்டார். மச்சான் இருமினார். டாக்டர், நர்ஸ், அக்கா, நான் எல்லோரும் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். குமிழி வரவில்லை.

மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு அக்காவிடம் சொன்னார்: "வண்டி ரெடி. ஓட்டிட்டுப் போ."